கதவைப் பார்த்துக் கத்தும் கருவி

அன்று குசினி மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய தம்பி. தம்பியின் மனைவி, வயிற்றில் ஏழு மாதம். வேறு ஆளில்லை.

மேசை நடுவில், கார் வேகமாக ஓடியதற்கு வந்த நகரசபைக் கடிதம் கிடந்தது. அதில் ஒரு படம். கறுப்புக் கார், கறுப்புக் கண்ணாடி, மீசை. காரை ஓட்டியவர் யார் என்று கேட்டு ஒரு தாள்.

ஓட்டியது தம்பி. ஆனால் கார் என் பெயரில் இருந்தது. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். நான் பல வருடம் விபத்தில்லாமல் ஓடியவன், எனக்குக் காப்புறுதி மலிவு. அவன் பெயரில் என்றால் கட்டி முடியாது. காசு அவன் கட்டினான். கடிதம் எனக்கு வந்தது.

"அத்தான், இந்த ஒருக்காவும் நீங்கள் ஓடினதெண்டு கையெழுத்து வையுங்கோ," என்றான். "படத்தைப் பாருங்கோ. வெள்ளைக்காரனுக்கு நீங்களும் நானும் ஒண்டுதான்."

"போன முறையும் ஒருக்கா எண்டுதான் சொன்னனீ."

"இஞ்சேருங்கோ, அவள் பிள்ளைத்தாச்சி," என்றாள் என் மனைவி. "வையுங்கோவன்."

வைத்தேன்.

முதல் கடிதத்துக்கு மூன்று புள்ளி. புள்ளி சேர்ந்து பதினெட்டு வந்தால் லைசென்ஸ் போய்விடும். இது அதே வருடத்தில் இரண்டாவது தடவை. அதனால் புள்ளியோடு ஒரு மாதத் தடையும் வந்தது. லைசென்ஸைத் தபாலில் அனுப்பினேன்.

என் வேலை பாண் வான் ஓடுவது. வெதுப்பகத்திலிருந்து விடிய நாலரைக்குக் கிளம்பி இருபத்திரண்டு கடைக்குப் பாண் இறக்க வேண்டும். ஒன்பது வருடம் ஓடினேன். ஒரு நாளும் பிந்தியதில்லை.

தம்பி சொன்னான், "ஒரு மாசம்தானே அத்தான். லீவெண்டு நினையுங்கோ. வானை நான் ஓடுறன். உங்கட இடத்தைப் பத்திரமாப் பாத்துக் கொள்ளுறன்."

மூன்று விடியல் அவன் பக்கத்தில் இருந்து வழி காட்டினேன். எந்தக் கடைக்கு எந்தத் திறப்பு, எந்த வாசல் இறுகும், எந்தக் கிழவி காசு எண்ணிப் பார்ப்பாள் என்று சொன்னேன். படம் பிடிக்கும் பெட்டிகள் எந்த எந்தத் தெருவில் நட்டு நிற்கின்றன என்பதையும் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினான்.

மாதம் முடிந்து போனேன். முதலாளி கையை விரித்தார். "உன் மைத்துனன் அரை மணித்தியாலம் முந்தி முடிக்கிறான்," என்றார். "வான் அவனோடேயே இருக்கட்டும். தட்டுக் கழுவுகிற இடத்தில் ஆள் வேண்டும். விருப்பமோ?"

முந்தி முடிக்காமல் என்ன. பெட்டி நிற்கும் இடத்தில் மெதுவாக, மற்ற இடத்தில் பறக்கிறான்.

வீட்டு வாடகை இருந்தது. தட்டுக் கழுவினேன். அவன் வானைக் கொண்டு வந்து விட்டு, வெறும் பாண் தட்டுகளை என் முன்னால் அடுக்குவான். "அத்தான், இதுகளையும் ஒருக்கா கழுவிப் போட்டு வையுங்கோ," என்பான். சிரித்துக் கொண்டுதான் சொல்வான். என் இடத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு என் வான் வேண்டும். அவன் இறங்க வேண்டும். தட்டுக் கழுவும்போது அதை மட்டும் நினைத்தேன்.

ஒரு நாள் அவனே வந்து கேட்டான். "அத்தான், கார்க் கண்ணாடியிலை ஒட்டுற ரேடார் சாமான் ஒண்டு இருக்காம். பொலிஸ் மறைஞ்சு நிண்டு படமெடுத்தா முன்னுக்கே கத்துமாம். உங்களுக்குத்தான் டொச் பாசை நல்லாத் தெரியும். விசாரிச்சு வாங்கித் தாங்கோவன். காசு தாறன்."

"பாக்கிறன்," என்றேன்.

விற்கலாம், வாங்கலாம், காரில் போட்டு ஓடினால் குற்றம். அதுதான் இங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனேன். யூரோ வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒரு போலந்துக்காரர் துணி விரித்து மூன்று கருவி வைத்திருந்தார். ஒன்று நட்டு நிற்கும் பெட்டிகளை மட்டும் ஞாபகத்தில் வைத்திருப்பது. ஒன்று இங்கத்தைய ரேடாருக்கென்று செய்தது, விலை கூட. மூன்றாவது பெரிது, சிவப்பு விளக்கு நிறைய, பார்க்க வடிவு.

"அதை எடுக்காதே," என்றார். மனிதர் நேர்மையானவர். "அது அமெரிக்காச் சாமான். இங்கே பொலிஸ் பாவிக்கிற அலை வேறு. அநேகமாகப் பிடிக்காது. சூப்பர்மார்க்கெட் கதவுக்கு மட்டும் நன்றாகக் கத்தும்."

"கதவுக்கோ?"

"தானாகத் திறக்கிற கதவு. அதற்குள்ளேயும் சின்ன ரேடார் இருக்கிறது."

நான் திரும்பவும் சொல்லச் சொன்னேன். அவர் திரும்பவும் சொன்னார். அந்தப் பெரிதை எடுத்தேன்.

"திருப்பிக் கொண்டு வந்தால் காசு தரமாட்டேன்," என்றார்.

"கொண்டு வரமாட்டேன்," என்றேன்.

அன்றைக்கே அவன் காரில் ஒட்டிக் கொடுத்தேன். சிகரெட் பற்ற வைக்கும் துளையில் வயரைக் குத்தினேன். அவன் என்னை ஏற்றிக் கொண்டு ஓடிப் பார்த்தான். சூப்பர்மார்க்கெட் பக்கம் திரும்பினோம். கருவி கத்தத் தொடங்கியது. விளக்கெல்லாம் எரிந்தது. அவன் பிரேக்கை அமத்தினான். தெருவோரம் ஒரு வெள்ளை வான் நின்றது. குழாய் திருத்துபவருடையது, பக்கத்தில் எழுதியிருந்தது.

"பாத்தியளே அத்தான்! அதுக்குள்ளைதான் ஒளிச்சிருக்கிறாங்கள். கள்ளங்கள்."

வானைப் பார்த்துக் கை காட்டிக் கொண்டு போனான். அடுத்த சூப்பர்மார்க்கெட்டிலும் கத்தியது. அங்கே ஒரு குப்பைத் தொட்டியைச் சந்தேகப்பட்டான்.

"தங்கமான சாமான்," என்றான். "எவ்வளவு?"

"காசு வேண்டாம்," என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கருவியை நம்பினான், கண்ணை நம்பவில்லை. ஒரு காலை தட்டை இறக்கிக் கொண்டே சொன்னான், "நேற்று எசன் போற றோட்டிலை பளிச்செண்டு அடிச்சது அத்தான். மெஷின் கத்தேல்லை. அப்ப அது பக்கத்திலை போன துருக்கிக்காரனுக்கு."

"இருக்கும்," என்றேன். தட்டைக் கழுவினேன்.

அந்தக் கிழமையும் மறு கிழமையும் இன்னும் இரண்டு தரம் பளிச்சென்றதாம். அவையும் வேறு ஆட்களுக்காம்.

ஒருவருக்கும் காயம் வரவில்லை. வந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். பயம் இருந்தது. ஆனால் கருவியைக் கழற்றச் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்று. நாலு நாள் விட்டு இன்னொன்று. பிறகு மூன்றாவது. மூன்றிலும் கறுப்புக் கண்ணாடியும் மீசையும். ஓட்டியவர் யார் என்ற கோட்டில் அவன் பெயரை எழுதினேன். பிறந்த தேதி, விலாசம் எல்லாம் எழுதினேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆறுதலாக, வடிவாக எழுதினேன். தபால் பெட்டியில் நானே கொண்டு போய்ப் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"என்ர பேரையோ எழுதினனீங்கள்?"

"நீதானே ஓடினது."

"முந்தி ரெண்டு தரமும் நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

"முந்தி ரெண்டு தரமும் நான் ஓடேல்லை."

"அந்தச் சாமான் படமெடுத்த ஒரு நாளும் கத்தேல்லை அத்தான்! முந்தநாள் பொலிஸ் மறிச்ச இடத்திலை மட்டும் நிண்டு கத்துது. அவங்கள் கழட்டிக் கொண்டு போட்டாங்கள். அதுக்கும் வேறை தண்டமாம்."

"எங்கை மறிச்சவங்கள்?"

"சூப்பர்மார்க்கெட் வாசலிலை."

"அப்ப சாமான் பழுதில்லை," என்றேன்.

என்னைப் பார்த்தான். கத்திய இடங்களை ஒவ்வொன்றாக நினைத்திருப்பான். முகம் கறுத்தது. விளங்கிவிட்டது.

"தெரிஞ்சுதான் வாங்கினனீங்கள்."

"ஓம்."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"அவன் என்ர தம்பியப்பா."

"தட்டுக் கழுவேக்கை நான் ஆர்?"

அன்று அவள் சமைக்கவில்லை. நான் பாணும் சம்பலும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மூன்று கடிதத்தில் ஒன்று ஊருக்குள் எடுத்தது. ஐம்பதில் ஓட வேண்டிய இடத்தில் எண்பத்தைந்து. அதற்கு நேரே ஒரு மாதத் தடை. அவன் லைசென்ஸைக் கொடுத்த அன்று முதலாளி தட்டுக் கழுவும் இடத்துக்கு இறங்கி வந்தார்.

"உன் லைசென்ஸ் கையில் இருக்கிறதா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வான் திறப்பைத் தந்தார். மறுநாள் விடிய நாலரைக்குக் கிளம்பினேன். அவன் இருக்கையை முன்னுக்கு இழுத்து வைத்திருந்தான். பின்னுக்குத் தள்ளினேன்.

மாதம் முடிந்து அவன் வந்தபோது, என்னிடம்தான் ஓட்டம் இருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் வெளியே வானுக்குப் பக்கத்தில் நின்றான்.

"முதலாளியோடை ஒருக்கா கதைச்சு விடுங்கோவன் அத்தான். பிள்ளையும் பிறந்திட்டுது."

"தட்டுக் கழுவ ஆள் தேவையாம்," என்றேன். "கதைக்கட்டோ?"

அவன் துப்பிவிட்டு நடந்தான். காரை அடுத்த கிழமையே தன் பெயருக்கு மாற்றிக் கொண்டான். நல்லது.

தண்டக் கடிதங்கள் எல்லாம் வந்து முடிந்ததும் அவன் மனைவி என் மனைவிக்கு ரெலிபோன் எடுத்து அழுதாள். ஒவ்வொன்றாக வாசித்தாள். என் மனைவி என்னைப் பார்த்தபடி அதையெல்லாம் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள், நான் கேட்க வேண்டும் என்று. கேட்டேன். அவன் பெயரில் ஏறிய புள்ளிகளை விரல் விட்டுக் கூட்டினேன். ஊருக்குள் எடுத்ததற்கு மூன்று. எசன் றோட்டுக்கு மூன்று. மற்றதற்கு ஒன்று. கருவிக்கு நாலு.

பதினொன்று. பதினெட்டுக்கு இன்னும் ஏழு.