எல்லா வலியும் ஓடியதால் வந்தது அல்ல

பூஜையின் அஷ்டமி அன்று காலை வசந்தி அக்காவின் அழைப்பு வந்தபோது எங்கள் தெருப் பந்தலில் மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. "கேட்கலை அக்கா, சத்தமா சொல்லுங்க" என்றேன். மறுபடியும் கேட்கவில்லை என்றேன். மூன்றாம் முறை அவர் கத்தினார்: "போயிட்டார் கலா! போயிட்டார்!" கணவன் செத்த சேதியை ஒரு பெண் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டி வந்தது. வேறு யாருக்கும் அந்தக் கொடுமை வரக்கூடாது.

டாக்குரியா ஏரிக்கரையில் விடியலில் கூடும் நம் கூட்டத்தில் வசந்தி அக்காவின் கணவர் ராகவனைத் தெரியாதவர் கிடையாது. மத்திய அரசு அலுவலர், லேக் கார்டன்ஸ் வாசி, ஐம்பதைத் தாண்டியவர். வங்காளி நண்பர்களுக்கு, அண்ணன் என்ற பொருளில், ராகவன்தா; எனக்கு ராகவன் சார். ஜனவரியில் நடக்கும் நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். அதற்காக மழைக்காலம் முழுக்க சனிக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். அந்தக் களைத்த காலோடு ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடுவதுதான். அவர் மட்டும் உப்பும் இஞ்சியும் போட்டுக் கரைத்த தயிர்சாதத்தை பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் போல வந்து நிற்பார்.

ஆகஸ்டில் ஒரு நாள் காளிகாட் பக்கம் பூக்கடைகளுக்கு எதிரே நடைபாதையில் நான் உட்கார்ந்துவிட்டேன். இனி ஓர் அடி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு யாராவது இருந்தால் முதுகைத் தட்டி வீரவசனம் பேசியிருப்பார்கள். இவர் பக்கத்தில் நின்று தயிர்சாதத்தைக் குடித்தார். "நல்லா உட்காரு. அழணும்னா அழு. ஷூவை மட்டும் கழட்டாதே, கழட்டினா அப்புறம் டாக்ஸிதான்" என்றார். நான் அழுதேன். ஷூவைக் கழற்றவில்லை. வீடுவரை ஓடியே வந்தேன்.

வலிகளுக்கு அவர் பெயர் வைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாம் சொந்தக்காரர்கள் பெயர். முழங்கால் வலி பெரிய மாமா. "வருவார், சத்தம் போடுவார், காபி குடிச்சுட்டுப் போயிடுவார். கண்டுக்காதே." இடுப்பு வலி சம்பந்தி அம்மாள், மரியாதை கொடுத்தால் போதும். குதிகால் வலி கடன்காரத் தம்பி. அவன் வந்தால் அன்றைக்கு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். கிண்டல்தான். ஆனால் எந்த வலியோடு ஓடலாம், எதோடு ஓடக்கூடாது என்று அவரைப் போலப் பிரித்துச் சொல்ல நம்மில் ஆள் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பூஜைக்கு முந்தைய வாரம் தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி இரண்டு நாளும் ஓடினோம். திங்கட்கிழமை மாலை போன் செய்தார். "கலா, எல்லாச் சொந்தக்காரங்களும் மூட்டை முடிச்சோட ஒண்ணா வந்து இறங்கிட்டாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் தொடை பிடித்திருந்தது. கண்ணுக்குப் பின்னால்கூட வலிக்கிறது, தூக்கம் போதவில்லை போல என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப்போவதாகச் சொன்னார்.

அது டெங்கு. இந்த ஊரில் மழைக்காலத்தில் உடம்பு சுட்டால் பள்ளிப் பிள்ளைகூட ரத்தப் பரிசோதனை என்று சொல்லும். நீண்ட ஓட்டம் ஓடுகிறவனுக்கு மட்டும் தன் தொடைதான் முதலில் நினைவுக்கு வரும். "ரெண்டு நாள் ஓடின உடம்பு சூடாத்தான் இருக்கும்" என்று வசந்தி அக்காவின் வாயை அடைத்திருக்கிறார். ஓட்டப் பையில் எப்போதும் வைத்திருக்கும் வலி மாத்திரையை, ரத்தம் கசிய வைக்கும் என்று அந்தக் காய்ச்சலில் தொடவே கூடாத மாத்திரையை, வேளை தவறாமல் போட்டிருக்கிறார். ஈறில் ரத்தம் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். மாத்திரை எதற்குச் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "பழக்கம்" என்றாராம்.

பதிமூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த வயதில் அத்தனை தூரம் ஓடினால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று பக்கத்து ஃபிளாட் அம்மா, எல்லோருக்கும் மாஷிமா, வங்காள மொழியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவர் ஓடிச் சாகவில்லை, கொசு கடித்துச் செத்தார் என்று அதே மொழியில் பட்டென்று சொன்னேன். வசந்தி அக்கா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனார். திட்டப்போகிறார், அல்லது ஓட்டத்தை விட்டுவிடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஜனவரியில ஓடப் போறியா?"

"தெரியலை அக்கா."

"ஓடு, ஓடாமப் போ. உன் இஷ்டம். ஓடினா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் எனக்கு போன் பண்ணு."

ஓடுகிறேன். முதல் ஞாயிறு மாலை போன் செய்தபோது, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். "அதெல்லாம் இல்லை அக்கா, வெறும் கால்வலி" என்று சிரித்தேன். "அவரும் இப்படித்தான் சிரிச்சார்" என்றார் அக்கா.

நண்பர்களே, அவர் படத்துக்கு மாலை போடுவது இருக்கட்டும். ஓடிவிட்டு வந்து உடம்பு வலித்தால், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், காய்ச்சல் பாருங்கள். ராகவன் சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைச் சாயங்கால போன்தான். தெர்மாமீட்டர் என் வாயில் இருப்பதால் என்னால் பேச முடியாது. வசந்தி அக்காவும் பேசுவதில்லை. எண்ணைப் படித்துச் சொல்லும்வரை போனை வைக்காமல் காத்திருக்கிறார்.