கிழக்கு பார்த்த வானொலி

போன செவ்வாய்க்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செல்வி கைப்பேசியில் கூப்பிட்டாள். "சித்தப்பா, அப்பா பூட்டாருங்க" என்றாள். கச்சிராயபாளையம் கோதண்டம் அண்ணனின் ஒரே மகள் அவள். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம்தான் வந்தது. இத்தனை சொந்தக்காரர்கள் இருக்க, இவள் எதற்கு என்னை முதலில் கூப்பிடுகிறாள்? என் புத்தி அப்படி. முப்பது வருஷம் தபால்காரனாக இருந்து, ஒட்டிய உறைகளைப் பார்த்துப் பார்த்து, உள்ளே என்னமோ இருக்கிறது என்று நினைத்தே பழகிவிட்டேன்.

அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய வானொலிப் பெட்டியையும் தெரியும். செயற்கைக்கோளிலிருந்து நேராக ஒலியை வாங்குகிற பெட்டி அது. அதோடு ஒயரில் கோத்த, சின்னப் பலகை மாதிரி ஒரு ஆன்டெனா. கரும்புக் கொல்லை வரப்பில் மலைக்கு முதுகு காட்டி, அதைக் கிழக்கே சாய்த்து வைப்பார். கடல் தாண்டிய நாடுகளின் அரசு வானொலிகள் பக்கத்து வீட்டில் இருப்பதுபோலத் தமிழில் பேசும். "நம்ம சேதிய நம்மாளு சொல்றதையும் கேக்கணும், அடுத்த நாட்டுக்காரன் சொல்றதையும் கேக்கணும். ரெண்டு பேரும் இன்னா சொல்லாம உட்டாங்கன்னு பாக்கணும் தபாலு" என்பார். என்னை அவர் ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

கேட்ட நிகழ்ச்சிக்கெல்லாம் அந்த நாட்டு வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிப் போடுவார். தபால்காரன் அட்டையைப் படிக்கக் கூடாது. நான் படித்தேன். "மாலை ஆறு பத்து. கிழக்கு. தெளிவு நான்கு. மலைமேல் மேகம்" என்று இருந்தது. இதைப் படித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது, சொல்லுங்கள்? பதிலுக்கு வெளிநாட்டு முத்திரையோடு தடித்த உறைகள் வரும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலைக்கும் பஸ் ஏறுவார். கேட்டால், "மத்த ரேடியோ இழுக்காத எடத்துல இது இழுக்குதான்னு பாக்கத்தான்" என்று சிரிப்பார். நான் நம்பவில்லை. ஆள் நாட்டையே விற்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இத்தனை காலம் மறைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். போலீசுக்கு மொட்டைக் கடிதம் எழுதியவன் நான்தான். கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதினேன். எங்கள் ஊர் முத்திரை விழக் கூடாதென்று தியாகதுருகம் போய்ப் பெட்டியில் போட்டேன். நாலாம் நாள் அவரைக் கூட்டிப்போய் விசாரித்து, வானொலியையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். மேகம் என்றால் மேகம்தான், தெளிவு என்றால் சத்தம் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதுதான் என்று போய்ப் போய்ப் புரியவைத்து, இரண்டு மாதம் கழித்துதான் அதை மீட்டார். ஊரே அவரை ஒரு மாதிரி பார்த்தது. பாவி, நானும் சேர்ந்து பார்த்தேன்.

பெட்டி திரும்பி வந்த அன்று தபால் கொடுக்கப் போனேன். வரப்பில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். "இன்னா தபாலு, பின்கோடு கரெக்டா போட்டா கடுதாசி தவறாம போயி சேந்துடும் இல்ல?" என்றார். "ஆமாங்கண்ணா" என்றேன். தெரிந்து கேட்டாரா, சும்மா கேட்டாரா? அன்றிலிருந்து அவர் முகத்தை வேவு பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்தச் செயற்கைக்கோள் சேவை நின்று, பெட்டி ஊமையாகி, நான் ஓய்வு பெற்ற பிறகும், போனால் மோர்தான் கொடுத்தார். அதையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியதும் செல்வி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "உங்களாண்ட குடுக்கச் சொன்னாருங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஸ்டேஷன்ல அந்தக் கவரப் பாத்துட்டு வந்த அன்னிக்கே அப்பா சொல்லிட்டாருங்க சித்தப்பா. 'மொட்டக் கடுதாசிக்கி எவனாச்சும் பின்கோடு போடுவானா? ஆறு நம்பரும் கட்டத்துக்குள்ள அழகா குந்திக்கினு கீது. நம்ம தபாலுதான். வெளிய சொல்லிடாத, அவன் வேல பூடும், புள்ளகுட்டிக்காரன்'னாரு."

பின்கோடு போடுங்கள், பின்கோடு போடுங்கள் என்று முப்பது வருஷம் ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இடது கையால் எழுதியபோதும் அது இல்லாமல் ஓர் உறையை எழுத எனக்கு வரவில்லை. அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதேன். செல்வி உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெட்டி இப்போது என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. இனி அதில் எந்த நாடும் பேசாது. ஆனாலும் ஆன்டெனாவைக் கிழக்கு பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். அண்ணன் சேர்ந்திருந்த வானொலி நேயர் மன்றத்தின் இதழுக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன். ஆறு நம்பரும் கட்டத்துக்குள் எழுதியாயிற்று. அண்ணனைப் பற்றி நான் எழுதுகிற இரண்டாவது கடிதம் இது. இதை வலது கையால் எழுதியிருக்கிறேன், எங்கள் ஊர்ப் பெட்டியில்தான் போடப்போகிறேன்.

அனுப்புநர்: ப. முனுசாமி, தபால்காரன் (ஓய்வு), வடக்கனந்தல்.