அக்காவின் ஷூவும் நான் சீவிய மேடும்

அக்காவின் நினைவு மலரில் முதலில் எழுத வேண்டியது அவர் பிறந்த ஊர். நான் எழுத வேண்டியது என் முட்டாள்தனம். அக்காவின் ஷூவுக்குள் வைக்க டாக்டர் கொடுத்த இன்சோலில் ஒரு மேடு இருந்தது. அலமாரி நிறையப் புத்தகம் படித்த நான், அது தயாரிப்புக் கோளாறு என்று முடிவுகட்டி, பிளேடால் சீவி எடுத்துவிட்டேன்.

அக்கா பிறந்தது ராமாபுரத்தில். அப்பா போனபின் எங்களை மைசூருக்கு அழைத்துவந்து, ஆலையில் நெய்த துணியில் குறை தேடும் மேசை முன் இருபது வருடம் நின்றார். அவர் நின்றதால் நான் உட்கார்ந்து படித்தேன். தொண்ணூற்று நான்கில் வலது பாதத்தில், விரல்களுக்குச் சற்றுக் கீழே, வலி வந்தது.

"கூழாங்கல்ல மிதிச்சுட்டே நிக்கறாப்ல இருக்குதுடா" என்றார்.

வலிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அந்த மேடு தாங்கினால்தான் முன்பாதத்தில் பாரம் குறையும். டாக்டர் இதை விளக்கியபோது நான் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் மொட்டை இன்சோலோடு நொண்டினார். "மேடு எங்கேம்மா?" என்று டாக்டர் கேட்டதற்கு, என் பக்கம் திரும்பாமலே, "தேஞ்சு போச்சுங்க" என்றார். எல்லோரும் புகழும் அக்காவின் பொறுமை இதுதான். பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மேடு வைத்த புது இன்சோல் ஜோடி வந்தது. மூன்றே வாரத்தில் தேவராஜ மார்க்கெட் வரை நொண்டாமல் போய்வந்தார். அப்போதுதான் சித்தி மகள் கல்யாணம். மண்டப வாசலிலேயே சித்தி, "சீலைக்குக் கீழ பூட்ஸா? போலீசுல சேந்துட்டியா கண்ணு?" என்றார். ஒரே சிரிப்பு. "சல்யூட் அடிங்க சித்தி" என்று நானும் எடுத்துக்கொடுத்தேன். அக்கா ஷூவைக் கழற்றி மூலையில் வைத்தார். இரண்டு நாள் கல்தரையில் வெறுங்காலோடு பந்தி பரிமாறினார். ஒரு ஸ்டூல் போட எவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் முன்பாதத்துச் சின்ன எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆலை வேலை அதோடு போயிற்று.

அக்காவைக் கொண்டுபோனது நெஞ்சுவலி, கால் அல்ல. ஆனால் இந்த மலருக்கு நீங்கள் அனுப்பிய குறிப்புகளில் பதினோரு பேர் 'சலிக்காமல் நின்று உழைத்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சிட மாட்டேன். நாம் நிற்கவைத்தோம் என்று எழுதுங்கள், போடுகிறேன்.

டாக்டருக்கும், ஷூவை அகலப்படுத்தித் தந்த மார்க்கெட் வாசல் செருப்புக்கடை அண்ணனுக்கும், கடைசி வாரம் பாதம் பிடித்துவிட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நன்றி. மற்றவர்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தி என்னைத் தனியே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஏன் கண்ணு, அந்த பூட்ஸ் இன்னும் இருக்குதா? எனக்கும் அங்கியேதான் வலிக்குது."