ஆட்டோக்காரர் நம்பர்

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசை என்னுடையது. பாலவனத்தத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டு, வருகிறவர்களிடம் பெயர், வயசு, ஊர், போன் நம்பர் கேட்டுத் தட்டுவதுதான் வேலை. வயசைக் கேட்டால், "மூஞ்சியப் பாத்து நீயே போட்டுக்க தாயி" என்பார்கள். ஆனால் போன் நம்பர் கேட்டால், எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். "ஆட்டோக்காரரு நம்பரு" என்பார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆட்களைக் கூட்டி வந்து, பார்த்து முடித்ததும் திரும்பக் கூட்டிப் போகிறவர் அவர். முன்பு வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், இங்கிலீஷ் படிப்பார். ரத்தம், சளி என்று எந்தப் பரிசோதனை முடிந்தாலும் எங்கள் சாஃப்ட்வேர் தானாகவே நோயாளியின் நம்பருக்கு முடிவை மெசேஜில் அனுப்பிவிடும். அதாவது அவர் போனுக்கு. திரும்புகிற வழியில், ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் வந்ததைச் சத்தமாகப் படித்து அர்த்தம் சொல்வார். டாக்டர் சொன்னதை விட அவர் சொல்வதில்தான் அவர்களுக்கு நம்பிக்கை. சுகர் கூடியிருந்தால் ஆட்டோவே சேர்ந்து அந்த ஆளைத் திட்டும்.

ஒரு நம்பருக்கு ஒரு குடும்பம் என்று நினைத்துச் செய்த சாஃப்ட்வேர் அது. அதன் கணக்கில் அந்த அண்ணனுக்கு ஊர் கொள்ளாத குடும்பம். நானும் சிரித்துக்கொண்டேதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஒரு அக்கா வந்தார். ரொம்ப நாளாக இருமல், ஆள் பாதியாக இளைத்திருந்தார். டாக்டர் சளிப் பரிசோதனை எழுதினார். சளியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"தாயி, எனக்கும் அவரு போனுக்குத்தான் வருமா?"

"ஆமாக்கா. அந்த நம்பர்தான இருக்கு."

"மாத்திரு தாயி. அந்தா, செவத்தோரமா உக்காந்திருக்காகள்ல, மூட்டுவலின்னு வந்திருக்காக. எம் மகளுக்குப் பேசி முடிச்சிருக்கிற மாப்பிள்ளையோட அம்மா. தையில கல்யாணம். அவுகளும் அதே ஆட்டோதான். ஒருவேளை இது அந்த நோயா இருந்துச்சுன்னா…"

அந்த நோய் என்று எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். டி.பி. என்ற வார்த்தையை எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்வதில்லை. அது இருக்கும் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று சுவர் முழுக்க எழுதி வைத்தாலும் அப்படித்தான்.

நம்பர் மாற்றுவது என்ன பெரிய காரியம் என்று உட்கார்ந்தேன். அப்போதைக்கு என் நம்பரைத் தட்டினேன். பழைய நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது திரை. வாசலில் ஆட்டோக்காரர் போன் டிங் என்றது எனக்கே கேட்டது. அவர் எட்டிப் பார்த்து, "ஏதோ நம்பரு வந்திருக்கே, யாருக்கு?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். யாருக்கென்று சொல்லாமல் அந்த ஓ.டி.பி.யை அவரிடம் கேட்டு வாங்க முடியாது. "தப்பா வந்திருச்சுண்ணே" என்று சொல்லி அந்தத் திரையை மூடினேன்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பையன் மரியாதையாகப் பேசினான். "கம்ப்ளெயின்ட் டிக்கெட் ஒண்ணு போட்டுருங்க மேடம், நாளைக்குள்ள பாத்துருவாங்க." நாளைக்குள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். அது கிளினிக் போன். பரிசோதனை அறைக்கு ஓடினேன். அங்கே இருந்த தம்பி, "நான் ஓகே குடுத்தாத்தான்க்கா டாக்டர் திரையில தெரியும். ஓகே குடுத்தா மெசேஜும் போயிரும். ரெண்டும் ஒரே பட்டன்" என்றான். டாக்டரிடம் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நம்பரை மாத்திவிடும்மா" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான்.

மத்தியானத்துக்கு முன் டாக்டர் அக்காவை உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது, நடுவில் நிறுத்தினால் முற்றிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அக்கா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மெசேஜு போயிருச்சா?" என்றுதான் கேட்டார்.

போய்விட்டிருந்தது. வாசலுக்கு ஓடி, மற்றவர்கள் வந்து ஏறுவதற்குள் ஆட்டோக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்த அக்காவுக்கு வந்ததை மட்டும் படிக்காதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. "நானும் பொம்பளப் பிள்ளை பெத்தவன்தான் தங்கச்சி. வாயத் தொறக்க மாட்டேன், போ" என்றார். நல்ல மனுஷன். அக்காவிடம் கண்ணைக் காட்டினேன். ஆட்டோ போன பிறகுதான் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

அடுத்த வாரம் அவர் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"எல்லாருக்கும் படிச்சேன் தங்கச்சி. அவுகளுக்கு மட்டும் படிக்கல. சம்பந்தியம்மா கேட்டாக, 'எங்க சம்பந்திக்கு என்னப்பா வந்திருக்கு?'ன்னு. ஒண்ணும் வரலைன்னேன். 'எல்லாருக்கும் வந்திருக்கு, அவுகளுக்கு மட்டும் எப்படி வராமப் போகும்?'ன்னாக. அதுக்குமேல ஆட்டோவுல ஒருத்தரும் பேசல. அந்த இருமலும் சேந்து வந்துச்சு. நல்லாத்தான் இருக்குன்னு ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாம். வாயில வரலையே."

படித்திருந்தால்கூட ஆறுதல் சொல்லி, மருந்து உண்டு என்று அர்த்தமும் சொல்லியிருப்பார். படிக்காமல் விட்டது அதைவிடப் பெரிதாகப் போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. யாரைத் திட்டுவது? அவரையா, அந்தச் சம்பந்தியம்மாவையா, என்னையா? மாப்பிள்ளை வீட்டார் தையில் கல்யாணம் வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டதாகவும் ஆட்டோக்காரர் சொன்னார்.

முதல் மாசத்து மாத்திரை தீர்ந்த சமயம் அக்கா ஒருமுறை வந்தார். ஆட்டோவில் இல்லை, பஸ் மாறி வந்தார். மறுபடி பதிய வேண்டும். பழைய டிக்கெட்டுக்கு அப்போது வழி பிறந்திருந்தது, ஓ.டி.பி. இல்லாமலே நம்பரை மாற்றலாம் என்று கம்பெனியில் திறந்துவிட்டிருந்தார்கள்.

"என்ன நம்பர்க்கா போட?"

"நம்பரே வேணாம் தாயி."

நம்பர் இல்லாமல் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. அக்காவிடம் போனும் கிடையாது. என் நம்பரைப் போட்டேன். "உங்க மெசேஜெல்லாம் இனி எனக்குத்தான்க்கா வரும். வேற யாருக்கும் தெரியாது" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஆட்டோக்காரரைக் கேட்டால், வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை என்கிறார். மாத்திரை தீரும் நாள் வந்தால் நோயாளிக்கு நினைவூட்டு மெசேஜ் போகும்படி சாஃப்ட்வேரில் ஒரு வசதி இருக்கிறது. அது சொன்ன நாளில் தவறாமல் வேலை செய்கிறது. "வணக்கம். நாளை நீங்கள் மருந்து வாங்க வர வேண்டிய நாள்" என்று அக்கா பெயர் போட்டு என் போனுக்கு வருகிறது. எப்படியாவது அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று பதறிப்போய் அவர் பக்கத்தைத் திறக்கிறேன். அங்கே இருப்பது என் நம்பர்.