வலப்பக்கம் வைத்த சிவப்புப் பொத்தான்

மில்லிங் மிஷின் இரும்பைச் சீவும். அதை வீட்டிலேயே கம்ப்யூட்டருக்கு மாற்றப் போனவனை மிஷின் சீவும். ஸ்பேனரும் கையுமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் கள்ளக்குறிச்சியில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன். மிஷின் என் அண்ணனுடையது. தியாகதுருகத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் இருபத்தைந்து வருடம் அதன் கைப்பிடிகளைச் சுற்றியே பிழைத்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கைப்பிடி சுற்ற இரண்டு கை வேண்டும், கம்ப்யூட்டருக்கு ஒரு விரல் போதும். அண்ணனை மறுபடியும் மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன்.

கைப்பிடிகள்

முதல் வேலை, கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டார் மாட்டுவது. ஒன்றின் திருகு துருவேறி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியால் தட்டி, அரை நாள் மல்லுக்கட்டினேன். பெரிய சாதனை போல மூன்றையும் சாக்கில் போட்டு மூலையில் வைத்தேன். காபி கொண்டுவந்த அண்ணி சாக்கைப் பார்த்துவிட்டு டம்ளரை நீட்டாமலே நின்றார்.

"அதையும் கழட்டிட்டியா தம்பி? தெனம் காலைல உங்க அண்ணன் அந்தக் கையத் தூக்கி அதுமேல வச்சிக்கினு இருப்பாரு. சுத்த வருதான்னு பாப்பாரு."

எதிர்ப்பக்கம்

மோட்டார் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு. வெள்ளிமலையிலிருந்து சடையன் என்பவர், மரவள்ளிக் கிழங்கு சீவும் மிஷினின் தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்திருந்தார். அண்ணனின் பழைய வாடிக்கையாளர். அவர் எதிரில் ஓட்டிக் காட்டும் ஆசையில் பட்டனைத் தட்டினேன். வலப்பக்கம் போகச் சொன்ன மிஷின் மேஜை, மேலே பிடித்திருந்த இரும்போடு இடப்பக்கம் பாய்ந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரும்பைச் சீவும் கட்டர் இரண்டாக ஒடிந்தது.

அண்ணன் வாசலோரம் நாற்காலியில் இருந்தார். பேச்சு அவருக்குச் சிரமப்பட்டுத்தான் வரும். சடையன் ஒடிந்த துண்டைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

"அண்ணன் முன்னாடியே கையத் தூக்கினாரு தம்பி. நீங்க கம்ப்யூட்டரத்தான் பாத்துட்டு இருந்தீங்க."

ஓட்டிய நாள்

எல்லாம் சரியாகி, ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி மிஷினுக்குப் பூ வைத்தார். அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இடது கை விரலால் ஒவ்வொரு பட்டனாகத் தேடித் தட்டினார். மேஜை நகர்ந்தது, இரும்புச் சுருள் உதிர்ந்தது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திடீரென்று பிடியிலிருந்த இரும்புத் துண்டு தளர்ந்து ஆடத் தொடங்கியது. அப்போது அடிக்கத்தான் பெரிய சிவப்புப் பொத்தான். ஒரு தட்டுத் தட்டினால் மிஷின் நின்றுவிடும். அதை நான் வலப்பக்கம் வைத்திருந்தேன், என் கைக்கு வாகாக. அண்ணனின் இடது கை மார்பைத் தாண்டிக் குறுக்கே நீண்டது, எட்டவில்லை. உடம்பு சாய்ந்து நாற்காலியோடு விழப்போனவரை அண்ணி தாங்கிக்கொண்டார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. மூச்சு வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எனக்கோசரம்தான் செஞ்ச. என்னப் பாக்காமயே செஞ்சிட்டடா."

அரைமணி வேலை

பொத்தானை இடப்பக்கம் மாற்ற அரைமணி நேரம் போதும். ஒயர் நீளம் பத்தவில்லை. நாளைக்குக் கடையிலிருந்து வரும்போது வாங்கி வரலாம் என்றேன். அந்த நாளையை இரண்டு வாரம் இழுத்தேன். வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பொத்தானைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணனும் கேட்கவில்லை. ஷெட்டுப் பக்கம் வருவதையும் விட்டுவிட்டார். மூன்றாவது வாரம் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒயர் வாங்கி வந்து பொத்தானை மாற்றினேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

போன மாதம் சடையன் வேறொரு தட்டோடு வந்தார். மலையில் அவருக்குச் சேதி போய்ச் சேரவில்லை. மிஷினைச் சுற்றிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"பட்டன் இந்தப் பக்கம் வந்திருச்சே. அண்ணன் ஓட்ட ஆரம்பிச்சிட்டாருங்களா?"

மற்றபடி மிஷின் குறையில்லாமல் ஓடுகிறது, அவசரத்தில் என் கை மட்டும் இன்னும் வலப்பக்கம்தான் போகிறது.