வாயை மூடிய சாரை

திருமுல்கேரியில் தன் கை படாத முகம் கிடையாது என்று ஜேசுராஜ் சொல்வார். மறுத்துப் பேச யாரும் மெனக்கெடாததால் அது உண்மையாகவே நிலைத்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சமயத்தில் அவர் ஃபோட்டோ ஸ்டூடியோ வாசலில் வரிசை நிற்கும். பின்னால் வெள்ளைத் துணி, வாயை மூடு, இரண்டு காதும் தெரியட்டும். இந்த மந்திரத்திலேயே மாடி வீடு கட்டி, மகள் ஐவியை ஒரு இன்ஜினியருக்குக் கட்டிக்கொடுத்தார். எம்.ஏ. படித்தவனும் தன் முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தான் என்பதில் அவருக்குத் தனி ருசி.

மருமகன் ஃபிரெடிக்கு மாதாப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் காட்டுயிர்ப் படச் சங்கம். ஆட்டுக்குட்டி கனத்துக்கு லென்ஸைத் தூக்கிக்கொண்டு காடு போய், ஒரு மைனாவோடு திரும்பி வருகிற கூட்டம். அந்தச் சங்கம் பாம்புப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. அதில் தன் படமும் தொங்க வேண்டும் என்று ஜேசுராஜுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அவர் எடுத்த படங்கள் ஊரெல்லாம் பீரோவுக்குள் கிடக்கின்றன. சுவருக்கு வந்தது ஒன்றுகூட இல்லை.

படம் கைவசம் இருந்தது. மழை விட்ட ஒரு காலை, ஸ்டூடியோவின் பின்பக்கப் புல்லில் வளைந்து வளைந்து போன சாரை. நாக்கை நீட்டியபடி, வால்வரை முழுசாக.

"சூப்பர் மாமா!" என்றான் ஃபிரெடி. "ஓரத்துல பக்கெட் தெரியுது, அதை மட்டும் வெட்டிருங்க. முகத்துக்கு முன்னால இடம் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"பாம்பு போற பக்கம்ல அது."

"அது எங்க போனா நமக்கென்ன மாப்ளே, நானா டிக்கெட் எடுத்துக் குடுக்கேன்? முகம் நடுவுல வரணும்."

"நக்கோ டாடி, வெட்ட வேணாம், அப்டியே விடுங்க," என்றாள் ஐவி.

அப்படியே விடுவதற்கு ஃபோட்டோகிராஃபர் எதற்கு? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தோள் எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் குத்துமதிப்பாக ஒரு சாண் விட்டு உடம்பை வெட்டினார். புல்லை அழித்து வெள்ளை அடித்தார். அடுத்தது நாக்கு. நாக்கை நீட்டிய படத்தை எந்த ஆபீஸில் வாங்குவான்? அதையும் துடைத்தார். காது விஷயத்தில் மட்டும் பாம்பு ஒத்துழைக்கவில்லை.

படம் போய்ச் சேர்ந்த மறுநாளே, சங்கத்தில் படங்களைத் தேர்ந்தெடுக்கிற பத்மப்ரியா ஃபோன் செய்தாள்.

"அங்கிள், ஓரத்தை வெட்டலாம். உள்ள இருக்கறதை அழிக்கக் கூடாது, அது ரூல். நாக்கு எங்க?"

"வாயை மூடியிருக்கும்மா. மரியாதை தெரிஞ்ச பாம்பு."

"பாம்பு வாயை மூடிக்கிட்டேதான் நாக்கை நீட்டும். இது விசாவுக்கு வந்து நிக்கற மாதிரி இருக்கு அங்கிள்! ஒரிஜினல் அனுப்புங்க. இல்லேன்னா அந்த இடம் வினய்யோட விரியனுக்கு."

வினய் ஃபிரெடியின் ஆபீஸ்காரன். காமிராப் பையின் விலைச் சீட்டையே இன்னும் கிழிக்காதவன். அவனுக்கா சுவர்? சாயந்திரம் ஜேசுராஜ், "உங்க இஷ்டப்படி எதையாவது அனுப்பித் தொலைங்க மாப்ளே," என்று ஒரிஜினலை ஃபிரெடியிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபிரெடி பக்கெட்டை மட்டும் வெட்டினான்.

கண்காட்சியில் சாரைக்கு நல்ல இடம் கிடைத்தது. புல் இருந்தது, நாக்கு இருந்தது, போகிற திசையில் தாராளமாக வெற்றிடமும் இருந்தது. கூட்டம் அங்கேயே தேங்கி நின்றது.

"பார்த்தீங்களா அங்கிள்," என்றாள் பத்மப்ரியா. "எதையும் தொடாம விட்டீங்க பாருங்க, அதுதான் அழகு."

ஜேசுராஜின் முகம் சுண்டிப்போனது. ஆயுசெல்லாம் வெட்டியும் ஒட்டியும் சம்பாதித்த மனுஷனுக்குச் சும்மா இருந்ததற்காகப் பாராட்டு!

அதற்குள் ஒரு பெரியவர் வந்து கை நீட்டினார். "படம் உங்களுதா சார்?"

"ஹவ், ஆமா, என்னுதுதான்." நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "ஒண்ணும் பண்ணாம விடறது லேசுன்னு நெனச்சீங்களா? அது எல்லாக் கைக்கும் வராது சார். அதுக்கே பல வருஷம் பழகணும்."

பின்னால் நின்ற ஃபிரெடிக்கு இருமல் வந்தது. ஐவி அவன் காலை ஓங்கி மிதித்தாள்.