அடித்தல் திருத்தலுக்குத் தனி மார்க்

சுத்தமான பேப்பரை நான் நம்புவதில்லை. கும்மிடிப்பூண்டி டிரெயினிங் சென்டரில் ரிப்போர்ட் ரைட்டிங் எடுத்தபோது ரஃப் காப்பி, ஃபேர் காப்பி இரண்டையும் வாங்குவேன். ரஃபில் அடித்தல் திருத்தல் இருந்தால் தனி மார்க். திருத்தும் பழக்கம் வரட்டும் என்றுதான் அப்படி வைத்தேன்.

ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் பாபு என்ற டிரெயினி வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டான். மேனேஜர் என்னிடம் வந்தார்.

"கூட இருந்தவங்க எல்லாரையும் ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்க சார். அவன் மேல தப்புன்னா கோர்ஸை விட்டு அனுப்பிடலாம்."

ஆறு பேர் எழுதினார்கள். ஆறிலும் 'கவனக்குறைவால் விழுந்தார்'. எனக்கு உறுத்தியது. ரஃபில் அடித்தல் தாராளமாக இருந்தது. ஆனால் 'தரை'யை அடித்துத் 'தளம்', 'உடனே'யை அடித்து 'உடனடியாக'. நிஜமாகத் திருத்துகிறவர்கள் இடத்தை மாற்றுவார்கள், நேரத்தை மாற்றுவார்கள். இங்கே ஒருவருக்கும் எதிலும் சந்தேகமே வரவில்லை. ஃபேரை முதலில் எழுதிவிட்டு, மார்க்குக்காக ரஃபைப் பிறகு ஜோடித்திருக்கிறார்கள். அந்த ஃபேரும் யாரோ ஒருவரின் சரக்குதான்.

ஆறு பேரில் ஒருத்தியான சுமதியை அழைத்தேன். பழவேற்காட்டிலிருந்து வருகிற பெண்.

"சத்தமா படிம்மா. ஒவ்வொரு வரியும் நீ பார்த்ததா, கேட்டதான்னு சொல்லு."

'கவனக்குறைவால்' வந்ததும் நின்றுவிட்டாள்.

"இத பாக்கல சார். மேனேஜர் சார்தான் இப்டி எழுதுனா போதும்னாரு."

"நீ என்ன பார்த்த?"

"பிரஸ் மெஷினாண்ட ஆயில் ஒழுகிக்கினு இருந்துச்சு. நாங்க சொல்லிக்கினேதான் இருந்தோம். யாரும் கண்டுக்கல."

"அதை எழுதலாமே?"

"என்னையும் அனுப்பிட்டா இன்னா சார் பண்றது?"

எனக்கும் அதே பயம் இருந்தது. "உன் இஷ்டம்மா" என்றேன்.

என்னிடம் பேனாவை வாங்கினாள். பிறகு அந்தச் சொல்லை ஒரே கோடாக அடித்து, மேலே 'மெஷினிலிருந்து ஒழுகிய ஆயிலில் வழுக்கி' என்று எழுதினாள். விஷயம் தெரிந்ததும் மற்ற ஐந்து பேரும் திருத்துவதற்காகத் தங்கள் பேப்பரைத் திருப்பிக் கேட்டார்கள்.

மேனேஜர் அதன்பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாபு கட்டுப் போட்ட கையோடு வகுப்புக்கு வந்தான். சுமதியையும் யாரும் அனுப்பவில்லை.

அடித்தலுக்கு மார்க் போடுவதை அன்றோடு நிறுத்தினேன். எழுதப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுந்து நின்று சத்தமாகப் படியுங்கள். நீங்கள் பார்க்காததை அடியுங்கள். அடிக்கும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பயமாக இருந்தால், அடிக்க வேண்டிய வரியைத்தான் அடிக்கிறீர்கள்.